சீனியரின் வாய்

வாசகசாலை மாடியில் படிக்கும் கூட்டத்துக்கு அவர் சீனியர். காலையில் ஜெராக்ஸ் கடை, மதியத்துக்கு மேல் படிப்பு என்றே இளமையை ஓட்டியவர். அந்த அரசு வேலைத் தேர்வோ யார் கணக்குக்கும் அடங்காது. ஒரு வருடம் வரலாறாகக் கேட்டுத் தள்ளுவார்கள்; மறுவருடம் மருந்துக்குக்கூட வரலாறு இருக்காது.

இந்தக் குழப்பத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்த ஒரே நிச்சயம், சீனியரின் வாய். "இது கட்டாயம் வரும்" என்று அவர் சொன்னால் அது வராது. அணைகள் என்றார், வினாத்தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுவரை எல்லாம் வேடிக்கைதான். பிறகு ஒருநாள், தலைவலி என்று படுத்திருந்த பக்கத்து மேசைக்காரனிடம், "காலையில சரியாயிடும்" என்றார். அவன் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. தேர்வு நெருங்கினால் அவரைச் சூழ்ந்துகொண்டு, அவர் சொல்லச் சொல்ல அந்தப் பாடங்களை மூடி வைத்தார்கள். "நல்லா எழுது" என்று சொல்லிவிடுவாரோ என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. அவருக்கே தன் வாயைக் கண்டு பயம் வந்துவிட்டது.

இந்த வருடத்தோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் வேறு வழியில்லை. தங்கையும் முதல் முறையாக எழுதுகிறாள். தேர்வு மைய வாசலில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

"உனக்குக் கிடைக்காதும்மா."

அவள் முகம் மலர்ந்தது. "போதும்ணா. உனக்கு?"

"எனக்கு நானே சொல்லிக்கப் பயமா இருக்கு."

"அப்ப நான் சொல்றேன். உனக்கும் கிடைக்காது."

ஆசையாகத்தான் சொன்னாள். அவருக்கு ஏனோ அது நல்ல வார்த்தையாகப் படவில்லை.

முடிவு வந்த அன்று திரையில் அவள் எண் இருந்தது. தன் எண்ணைத் தேடித் தேடி அவருக்குக் கண் பூத்துப்போனது. அது இல்லை.

தங்கை சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "நான் சொன்னது அப்படியே பலிச்சிடுச்சேண்ணா."

அவள் அழுவதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை. தலையில் கை வைத்தார்.

"அழாதம்மா. சந்தோஷமாப் போய் வேலையில சேரு. நீ நல்லா..."

அவள் பதறி எழுந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"வேணாண்ணா. சொல்லிடாத."