மாமா மீசை எடுத்த நாள்

எங்கள் பக்கத்தில் மீசைக்கார ஆள் ஒருவர் திடீரென்று மொட்டைத் தலையும் மழித்த மேலுதடுமாக வந்து நின்றால், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கோயில் மொட்டை என்றால் தலையில் சந்தனம் இருக்கும். சந்தனமும் இல்லை, மீசையும் இல்லை என்றால் பெற்றவர்களில் ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம். பார்த்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒதுங்கி வழிவிடுவார்கள்.

என் தாய்மாமாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டிருந்தார். அவர் எதிரில் வயதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சனிக்கிழமை தவறாமல் கிண்ணத்தில் சாயம் குழைத்து, தேய்ந்துபோன டூத் பிரஷ்ஷால் தலைக்கும் மீசைக்கும் பூசிக்கொண்டு, உதட்டை அசைக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவருக்குச் சிரிப்பு மூட்டினால் தொலைந்தோம். சாயம் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண் வீங்கும், தலை அரிக்கும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் வீட்டில் இருக்கிறவர்கள் மேல் எரிந்து விழுவார். புதன், வியாழன் இரண்டு நாள் நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை கண்ணாடியில் வெள்ளை தெரிய ஆரம்பித்துவிடும்.

நாங்கள் தியாகதுருகத்தில் இருந்தோம். நான் நாலாம் வகுப்பு. ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, கள்ளக்குறிச்சியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒங்க அண்ணன இப்பதான் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்க்கா. மொட்ட அடிச்சிக்கினு, மீசயும் எடுத்துட்டு நிக்கிறாரு. கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்குது. கிட்டப் போயி இன்னா ஏதுன்னு கேக்க எனக்கு மனசு வரல."

அம்மாவைப் பெற்ற பாட்டி நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். மிச்சம் இருந்தது தாத்தா ஒருவர்தான். அம்மா என் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவுக்குப் போன் போட்டாள். நாலு முறை மணி அடித்து நின்றது. ஐந்தாவது முறை ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. அத்தைக்குத் தனி போன் கிடையாது. "எங்கிட்ட சொல்ல வாய் வரலபோல" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பை அணைத்தாள். மொட்டை அடிப்பது எல்லாம் முடிந்த பிறகு அல்லவா, அப்படியானால் தங்கைக்குச் சொல்லாமலா எடுத்துவிட்டார்கள் என்று கணக்குப் பார்க்கும் பொறுமை அப்போது யாருக்கும் இல்லை.

அப்பா வெளியூர் வேலையில் இருந்தார். நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரித்த முடி. ஸ்கூல் லீவு என்ற சந்தோஷம் உள்ளுக்குள் கொஞ்சம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அம்மா அழவில்லை. "போன வாரமே போயிருக்கணும். வந்துட்டுப் போம்மான்னு எத்தினி வாட்டி கூப்புட்டாரு" என்று இதையே திரும்பத் திரும்ப என்னிடம் சொன்னாள். பத்து மாதமாக அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே போய்விடுமோ என்ற பயம் அவள் கைவழியாக எனக்கு வந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். கள்ளக்குறிச்சியில் இறங்கி ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

தெருமுனையில் அம்மா முடியை அவிழ்த்துவிட்டாள். "என்னப் பெத்த அப்பா" என்று அவள் எடுத்த குரலில் கோழிகள் சிதறின. நானும் அழுதேன். ஆனால் வீட்டு முன்னால் பந்தல் இல்லை, மேளம் இல்லை. வாசலில் தாத்தா கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவையும் அவள் கையில் இருந்த மாலையையும் பார்த்துவிட்டுப் பதறிப்போய் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, யாரு பூட்டாங்க?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் காலைப் பிடித்துப் பார்த்தாள், கையைப் பிடித்துப் பார்த்தாள். "நீ நல்லாகீறியாப்பா, நல்லாகீறியாப்பா" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மாமா வந்தார். தேங்காய் மாதிரி தலை. மேலுதடு மட்டும் வெளுப்பாக, வேறு யாருடையதோ போல இருந்தது. அம்மா எழுந்து போய் மாலையாலேயே அவரை நாலு சாத்து சாத்தினாள். தெருவே கூடிவிட்டது.

"டாக்டரு சாயமே ஆவாதுன்னுட்டாரு. இன்னும் எத்தினி நாளிக்கின்னு ஒரேயடியா எடுத்துட்டேன்" என்றார் மாமா, தலையைத் தடவிக்கொண்டே. "நீ கிண்டல் பண்ணத்தான் கூப்புடறேன்னு நெனச்சி போன ஆஃப் பண்ணிட்டேன்மா. பஸ்ல ஒரு ஆளு எழுந்து எடம் குடுத்தான். அவ்ளோ கெழவனாட்டமா கீறோம்னு மொதல்ல வயிறு எரிஞ்சிச்சி. அப்பறம் ஒக்காந்துக்கினே வந்தேன். ஜன்னலோரம். மலையெல்லாம் பாத்துக்கினு. நல்லாதான் இருந்திச்சி."

"அது துக்கத்துக்குக் குடுத்த எடம்டா" என்று தாத்தா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு அம்மா கையிலிருந்த மாலையை வாங்கி, எனக்கு வாங்கினதுதானே என்று கழுத்தில் போட்டுக்கொண்டார். அம்மா கத்தினாள், அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அவர் கழற்றவில்லை. உதிர்ந்தது போக மிச்சமிருந்த ரோஜாவோடு கன்றுக்குட்டிக்கு மீதித் தண்ணீரையும் காட்டி முடித்தார். அன்று மத்தியானம் அந்த வீட்டில் சாப்பிட்ட சோறுபோல நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. மாமா எனக்கு மிச்சப் பின்னலைக் கோணலாகப் பின்னிவிட்டார். செவ்வாய்க்கிழமை அது. அவர் யார்மேலும் எரிந்து விழவில்லை.

சாயங்காலம் எங்களை ஏற்றிவிட பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் படிக்கட்டை மறித்துக்கொண்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கண்டக்டர் பொறுமை இழந்து, "யோவ் பெருசு, ஏறுனா ஏறு, இல்லன்னா நவுரு" என்றார்.

மாமா கண்டக்டரின் சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று நான் அம்மாவின் புடவையைப் பற்றிக்கொண்டேன். மாமா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஏறலப்பா, நீ கெளம்பு" என்று சொல்லி நகர்ந்து நின்றுகொண்டார்.

பாவம், மாமாவுக்கு மீசையோடு காதும் போய்விட்டது, பெருசு என்றது அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அதனால் பஸ் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, ஊருக்கே கேட்கும்படி, "போயிட்டு வர்றோம் மாமா" என்று கத்தினேன்.