துரை எடுத்த காதுத் தகடு

எழுபத்திரண்டாம் வருடம் தை மாதம் என் மகன் துரை தன் தலையில் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். அப்போது அவனுக்கு இருபது வயது. பிறவியிலிருந்தே புத்தி வளர்ச்சி குறைவு, நாலைந்து வார்த்தைதான் பேசுவான். ஆனால் பழவேற்காட்டு ஏரியில் அப்பாவோடு வலை இழுக்க அவனைப் போல ஆள் கிடையாது. அந்தப் பிள்ளை சோற்றைத் தள்ளிவிட்டுச் சுவரில் முட்டினான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் தொட வந்ததும் துரை கையைத் தட்டிவிட்டான். "இந்த மாதிரி பிள்ளைங்க இப்படித்தாம்மா இருப்பாங்க" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். பிள்ளை கட்டை மாதிரி கிடந்தான். விழித்ததும் மறுபடி குத்தினான். அடுத்த முறை போனபோது, "மெட்ராஸ்ல மனநோய் ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க, எழுதித் தர்றேன்" என்றார். வீட்டுக்காரரும் சரி என்று தலையாட்டிவிட்டார். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அங்கே இவனுக்குத் தாகம் எடுத்தால் யாருக்குப் புரியும்?

அமாவாசையன்று அவனை அழைத்துக்கொண்டு திருவள்ளூர் போனேன். நோய் தீர்க்கும் நம் வீரராகவப் பெருமாள் முன்னால் நின்று, "சாமி, இவனுக்கு இன்னான்னே எனக்குத் தெரியல. நீயே சொல்லு" என்று அழுதேன்.

எந்த உறுப்பில் நோவோ, அந்த உருவம் பொறித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது அங்கே வழக்கம். விற்கிற அம்மாளின் தட்டில் கண், காது, கை, கால் எல்லாம் இருந்தன. தலையைத்தானே குத்திக்கொள்கிறான் என்று தலைத் தகட்டை எடுத்தேன். துரை அதைப் பிடுங்கித் தட்டிலேயே போட்டான். காதுத் தகட்டை எடுத்துத் தன் வலது காதில் வைத்து அழுத்தினான்.

"எரியுது" என்றான்.

நான் அவன் காதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "புள்ளையே சொல்லுது, இன்னும் இன்னாம்மா பார்த்துக்கினு நிக்கிற?" என்று அந்த அம்மாள் என்னை விரட்டினாள்.

அந்தத் தகட்டை வாங்கி, உண்டியலில் போடாமல் கொண்டுவந்து, மறுநாள் காலை டாக்டரிடம் காட்டினேன். "ஐயா, எல்லாரும் இவன் புத்தியையே பார்த்துக்கினு இருந்தோம். காதைப் பாருங்க" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். அவர் துரைக்கு எதிரே உட்கார்ந்து, டார்ச் விளக்கை அவன் கையில் கொடுத்தார். "தம்பி, முதல்ல நீ என் காதைப் பாரு. அப்புறம் நான் உன் காதைப் பாக்கட்டுமா?"

துரை பார்த்தான். சிரித்தான். தானாகவே தலையைத் திருப்பிக் காட்டினான். உள்ளே சீழ் கட்டியிருந்தது.

"உங்களையே கேட்டுக்கிட்டு இருந்துட்டேம்மா. தம்பியை ஒரு வார்த்தை கேக்கல, தப்புதான்" என்றார் டாக்டர்.

ஊசியும் மருந்துமாகக் குணமானது. மெட்ராஸ் பேச்சு அத்தோடு போயிற்று. மாசியில் துரை மறுபடி வலை இழுத்தான். அதற்குப் பிறகு அந்த டாக்டர் என்னைக் கேட்பதற்கு முன் அவனைத்தான் கேட்பார்.

நன்றி சொல்லக் குடும்பத்தோடு போனோம். காதுத் தகட்டைத் துரையே உண்டியலில் போட்டான். நான் ஒரு தலைத் தகடும் வாங்கிப் போட்டேன். "அது யாருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"நமக்குத்தான்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் பேசத் தெரியாத பிள்ளை இருந்தால் பெருமாளை நம்பிக் கேளுங்கள். அவர் பதில் சொல்வார். அந்தப் பிள்ளையின் கை எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.