காற்றுப் புகாத அடுப்பு

கேஸ் கம்பெனியில் அவருக்கு மோப்பம் என்று பெயர். ஒரு வீட்டுக்குள் கால் வைத்ததுமே, கசிவு சமையலறையிலா மாடிக் குழாயிலா என்று சொல்லிவிடுவார். கம்பெனி கொடுத்த கருவி பைக்குள்ளேயே தூங்கும். ஓய்வு பெறும் வரை அவர் பார்த்த வேலை ஒன்றுதான்: ஓட்டையைக் கண்டுபிடிப்பது, அடைப்பது. வீட்டிலும் அதே புத்தி. ஜன்னல் சட்டத்தில் ஒரு விரிசல் தெரிந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றாயின. திரும்ப வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். வரவில்லை.

அப்போது அவரும் மனைவியும் பஸ் டிப்போ வாசலில் சாயங்காலக் கடை போட்டிருந்தார்கள். கடை என்றால் ஒரு குடை, ஒரு மேஜை, காலை மடக்கினால் பெட்டி, விரித்தால் அடுப்பு என்கிற கேஸ் கிரில் ஒன்று. கோழித் துண்டும் சோளமும் சுட்டு விற்றார்கள். அவர் சுடுவார், அவள் மோந்து சொல்வாள். "கேஸ் வாடை வருது, குமிழைத் திருகுங்க." "கருகுது, திருப்பிப் போடுங்க." ஒரே மூக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேர் காலம் தள்ளினார்கள்.

அந்த மூக்கும் போன மாதம் போய்விட்டது. தூக்கத்திலேயே போனாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு மகளுக்குக் காது புளித்துவிட்டது.

மகள் ஒரு மில்லில் கொதிகலன் பிரிவு இன்ஜினியர். வந்தவர்கள் கலைந்த பிறகு ஒரு காலையில் அப்பாவைப் பார்க்க வந்தாள். பின்முற்றத்துக் கதவைத் திறந்ததும் குப்பென்று கேஸ் வாடை. கிரில்லின் குமிழ் பாதி திறந்து கிடந்தது. அவர் அதற்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் சிலிண்டரை மூடினாள். குமிழையும் திருகி அடைத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"போதும்ப்பா. கடையை மூடிட்டு என்கூட வந்துடுங்க."

"கேஸ்தானேம்மா பிரச்சினை?"

"கேஸ்தான்."

"அப்ப கேஸை எடுத்துடறேன். கரி போட்டுக்கறேன். கரிக்கு மூக்கு எதுக்கு?"

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. மில் வேலை, வீடு, போன் மணி அடித்தாலே அப்பாவுக்கு என்னவோ என்கிற பயம். கண் எதிரில் அப்பா இருந்தால் அந்தப் பயமாவது நிற்கும். அடுத்த விடுமுறைக்கு வருவேன், அதற்குள் அடுப்பை மாற்றி வையுங்கள் என்றாள். அதில் ஒரு கோழித் துண்டு ஒழுங்காக வெந்தால் இங்கேயே இருக்கலாம். வேகாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"பேச்சு மாறக் கூடாது," என்றாள்.

"நான் என்னைக்கும்மா மாறினேன்? மாறுனது உங்கம்மாதான். சொல்லாம கொள்ளாம போயிட்டா."

அடுத்த விடுமுறையன்று வந்தபோது கிரில் முற்றத்தின் நடுவில் நின்றது. எரிகுழாயைக் கழற்றியிருந்தார். ரப்பர் குழாய், குமிழ், பொறி தட்டும் பொத்தான் எல்லாம் ஒரு வாளியில் கிடந்தன. உள்ளே கரி பரப்ப இரும்புக் கம்பியில் ஒரு தட்டி. துத்தநாகம் பூசின வலை வேண்டாம், சூட்டில் புகையும் என்று அவள் போனில் சொன்னதை அப்படியே கேட்டிருந்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அப்புறம்தான் மற்றதைப் பார்த்தாள். குமிழ் இருந்த ஓட்டையில் இரும்புத் தகடு வைத்து ரிவிட் அடித்திருந்தார். அடியில் எண்ணெய் வடிகிற துளைக்கு ஒரு போல்ட், வாஷரோடு. பின்பக்கக் காற்றுப் பிளவு முழுக்கத் தீக்களிமண். மூடி உட்காரும் விளிம்பில் சுற்றிலும் கண்ணாடி இழைக் கயிறு.

"சோதிச்சுட்டேன்மா. மூக்குதான் இல்ல, கண்ணு இருக்குல்ல. உள்ளே டார்ச்சை எரியவிட்டு மூடினேன். ரூமை இருட்டாக்கிட்டுச் சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய வரல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எரிபொருளுக்கு எவ்வளவு காற்று என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. இந்தப் பெட்டியில் நெருப்பு மூச்சுவிட வழியே இல்லை. கரி பிடிக்கும், மூடினால் செத்துப்போகும். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

சொல்லவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் காகிதம் திணித்துக் கரியைப் பற்றவைத்தார். விசிறினார். மேல்கரி சிவந்தது. கோழித் துண்டை வைத்து மூடினார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் கரி கறுத்துக் கிடந்தது. துண்டு வெளுத்துப்போய், குளித்துவிட்டு வந்தது போல இருந்தது.

"கரி ஈரம்," என்றார்.

வேறு மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டார். அதுவும் அணைந்தது. மூன்றாவது தடவை மண்டியிட்டு ஊதினார். சாம்பல் பறந்து புருவத்தில் ஒட்டியது. பக்கத்துப் போர்ஷன் தையல்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, கோழிக்கு ஜலதோஷமா? போத்திப் போத்தி வைக்கறீங்க."

"நீ உன் ஊசியைப் பாரு தாயி."

"இன்ஜினியர் பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கு. கேட்டாத்தான் என்னவாம்?"

"அது லீவுல வந்திருக்கு. லீவுலயும் வேலை வாங்கணுமா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாயங்கால பஸ்ஸில் அப்பா கூட வந்துவிடுவார். பொய் சொல்லவில்லை. சும்மாதான் இருக்கிறாள். சும்மா இருப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அவர் நாலாவது தடவை முயலவில்லை. கையை வாளித் தண்ணீரில் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா. பேச்சுன்னா பேச்சு. நான் துணியை எடுத்து வைக்கறேன்."

உள்ளே போனார். அலமாரி கிறீச்சிட்டது. அவள் கதவோரம் போய் நின்றாள். கட்டிலில் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவியின் புடவை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைப் பையில் வைப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை முகத்தருகே கொண்டுபோனார். எதுவும் கிடைக்காமல் இறக்கினார்.

"உன் வீட்ல சாயங்காலத்துல நான் என்னம்மா பண்ணுவேன்?"

குறையாகக் கேட்கவில்லை. ஷிப்ட் மாறினவன் புது இடத்து வேலை என்ன என்று விசாரிப்பது போலக் கேட்டார்.

அவள் கதவைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"அப்பா, அடுப்புக்கு ஓட்டை போடணும்."

"எங்க?"

"கீழ. ரெண்டு பக்கமும். மூடியிலயும். கீழ காத்து உள்ள போகணும், மேல புகை வெளிய போகணும். நீங்க எல்லாத்தையும் அடைச்சுட்டீங்க."

அவர் சட்டையைக் கீழே வைத்தார். "ஓட்டையா? வேணும்னேவா?"

"வேணும்னே."

டிரில்லைக் கொண்டுவந்தார். சுண்ணாம்புக் கட்டியால் அவள் அடையாளம் போட்டாள். அவர் முனையைத் தகட்டில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "கை வரல. நீயே போடு. வாழ்நாள் பூரா அடைச்ச கை." பெட்டியை அவர் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் துளைத்தாள். இரும்புத் தூள் சுருள் சுருளாக அவர் மணிக்கட்டில் விழுந்தது. ஒவ்வொரு துளை விழும்போதும் பல் பிடுங்குகிறவன் முன் உட்கார்ந்திருப்பவர் போல முகத்தைச் சுளித்தார். கீழ்த் துளைகளுக்கு ஒரு தகட்டை மாட்டி, திறக்கவும் சாத்தவும் வழி செய்தாள். அதைப் பார்த்ததும்தான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"காலையில. பாத்ததும்."

அவர் அடுப்பை நேராக நிறுத்தினார். கரியை அடுக்கினார். அடுக்கி முடித்த பிறகு, "உங்கம்மாவும் இப்படித்தான். நான் தப்புப் பண்றதைப் பாத்துக்கிட்டே இருப்பா. ஆனா அவ நாள் கணக்குல பொறுப்பா. உனக்கு அந்தத் தெம்பு இல்ல," என்றார்.

இந்தத் தடவை மூடிய பிறகும் கரி சாகவில்லை. கீழ்த் துளைகளில் சிவப்பு தெரிந்தது. மேலே புகை மெல்லிசாகக் கிளம்பியது.

"ஒண்ணு கேட்டுக்கோங்க," என்றாள். "மழை வந்தாலும் சரி, இதை வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது. அணைஞ்ச மாதிரி இருந்தாலும் கூடாது. கரியில ஒரு வாயு வரும். அதுக்கு வாசனையே கிடையாது. யார் மூக்குக்கும் தெரியாது."

"யாருக்குமேவா?"

"யாருக்குமே."

"அப்ப இதுல ஊரே என் கட்சிதான்." சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து பாதியில் நின்றது. "வெளியவே இருக்கட்டும். கேஸ்காரனுக்கு நீ சொல்லணுமா?"

துண்டு வெந்தது. தட்டில் வைத்து அவளிடம் நீட்டினார். அவருக்குச் சாப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை. நாக்குக்கு உப்பும் காரமும் தெரியும், மற்றதெல்லாம் வைக்கோல். அவள் ஒரு வாய் தின்றாள்.

"இடது பக்கம் கருகிடுச்சு. அந்தப் பக்கம் கரியைக் குறைங்க."

அவர் இடுக்கியால் கரியைத் தள்ளினார். "நாளைக்கு யார் சொல்வா?" என்று அவள் கேட்கவில்லை. கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"டிப்போ டிரைவருங்க சொல்வாங்கம்மா. நல்லா இருந்தாத்தான் வாயைத் திறக்க மாட்டானுங்க."

அவள் மீதியையும் தின்றாள், கருகின பக்கத்தையும் சேர்த்து. பிறகு தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.