ஒரே மைதானம், இரண்டு ஆட்டம்

அந்தச் சலவை நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஷிப்ட் அட்டவணை போடுகிறவள் என்பதால் 'அட்டவணை அக்கா'. ஆஸ்பத்திரிப் போர்வைகளை மலை மலையாகத் துவைத்துத் தள்ளும் எட்டுப் பிரிவுகளுக்கும் வருடத்துக்கு ஒருமுறை கால்பந்துப் போட்டி நடக்கும். அதற்கும் அவள்தான் அட்டவணை.

முறை, உலகக் கோப்பை முறை. நான்கு நான்காக இரண்டு குழு, ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம், முதல் இரண்டு இடம் பிடித்தால் அரையிறுதி. அங்கே தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதில் மூக்கை நுழைக்கும் துணிச்சல் ஒருவருக்குத்தான் உண்டு. பாய்லர் பிரிவின் கோல்கீப்பர், அவளுடைய கணவர். பாய்லர் அணி பதினோரு வருடமாகக் குழுச் சுற்றைத் தாண்டியதில்லை. இவருக்கோ முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த வருடத்தோடு விளையாட்டு போதும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு அரையிறுதி ஆடிவிட வேண்டும், மனிதருக்கு வேறு ஆசையே இல்லை.

"அமெரிக்கக் கூடைப்பந்துல பாரு, அதே ரெண்டு டீமுக்கு நடுவுல ஏழு ஆட்டம். நாலு ஜெயிக்கிறவன்தான் மேல போவான். ஒருநாள் சறுக்கினாலும் எழுந்துக்கலாம்," என்றார் சாப்பிடும்போது.

"ஏழு ஆட்டம் வெச்சா போர்வையை யாரு துவைப்பா? உங்க கூடைப்பந்துக்காரங்களா?"

"சரி, கிரிக்கெட் லீக் மாதிரி வையேன். முதல் ரெண்டு இடத்துல வர்ற டீமுக்குத் தோத்தாலும் இன்னொரு சான்ஸ் உண்டு."

"முதல்ல அந்த ரெண்டு இடத்துல வாங்க, அப்புறம் பேசலாம்."

அவர் தண்ணீர் குடித்தார்.

உலகக் கோப்பையில் ஒரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில்தான் தொடங்கும். அங்கே என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு இங்கே யாரும் கணக்குப் பண்ணி ஆடிவிடக் கூடாதல்லவா? அவளும் அதிலேயே ஒற்றைக்காலில் நின்றாள். இருந்ததோ ஒரே மைதானம். விடுவாளா? நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டு, குறுக்குவாட்டில் இரண்டு ஆட்டங்களையும் ஒன்றாக வைத்தாள். இரண்டு பந்து, இரண்டு நடுவர். உலகக் கோப்பைக்காரர்களிடம் இன்னொரு மைதானம் இருக்கிறது என்பதையெல்லாம் அவள் சட்டை செய்யவில்லை.

அரையிறுதிக்குப் போக, அந்தக் கடைசி ஆட்டத்தில் பாய்லர் அணிக்கு டிரா போதும். கடைசி நிமிடம் வரை கோல் இல்லை. எதிரணியான இஸ்திரிப் பிரிவுக்காரன் ஒருவன் பந்தோடு தனியாக ஓடிவந்தான். அப்போது விசில் கேட்டது. ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்த கோல்கீப்பர், சரிந்த சாக்ஸை இழுத்துவிடக் குனிந்தார். விசில் ஊதியது கோட்டுக்கு அந்தப் பக்கத்து நடுவர். பந்து ஆர அமர உருண்டு வலைக்குள் போய்ச் சேர்ந்தது.

பாய்லர்காரர்கள் அவளுடைய மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, அண்ணனுக்காகவாவது திரும்ப ஆட விடுங்க!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு அந்த ஏழு ஆட்டத் தொடர் பிடித்துப்போயிற்று. ஆனால் இவர்களுடைய நடுவர் ஊதவில்லை, கோல் கோல்தான். பலகையில் ஒன்று, பூஜ்யம் என்று எழுதினாள். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டாள், யாரும் நம்பவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோபமா?" என்று கேட்டாள்.

"மாத்தி எழுதியிருந்தாத்தான் கோபம் வந்திருக்கும். பொண்டாட்டி தயவுல அரையிறுதிக்குப் போனவன்னு ஆயுசுக்கும் ஓட்டுவானுங்க."

அவள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ரொம்ப ஆசைப்பட்டேன்," என்றார்.

"தெரியுங்க."

அவருடைய வீங்கிய முழங்காலில் ஒரு கையை வைத்தபடியே, மறு கையால் அரையிறுதிக்கு வந்த நான்கு பிரிவுகளின் பெயர்களை எழுதி முடித்தாள்.