மஸூதாவின் வெந்நீர்க் குழாய்

பழவேற்காட்டில் இறால் வியாபாரி ரியாசுதீன் வீட்டுக்குப் புகையில்லா அடுப்பு வந்தது எண்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதத்தில். பிளாக் ஆபீஸிலிருந்து வந்த அம்மாள் இரண்டு கண் அடுப்பு ஒன்றைக் கட்டி, சிமெண்டுக் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவிட்டுப் போனாள். கண் எரியவில்லை, சுவரில் கரி இல்லை. தெருப் பெண்கள் வந்து பார்த்து மெச்சினார்கள். ரியாசுதீனின் மனைவி மஸூதா மட்டும் அந்தக் குழாயையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

எதையும் தொட்டுப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. ரேடியோ கெட்டால் முதலில் திறப்பது அவள்தான். திரும்ப மூடத் தெரியாமல் விழிப்பதும் அவள்தான். சோறு கொதிக்கும்போது குழாயில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

"புகை வெளிய போவுது, சரி. இந்தச் சூடு ஏங்க கூடவே போவணும்?" என்று கணவனைக் கேட்டாள்.

"அடுப்புன்னா சுடத்தான் செய்யும். இன்னா கேள்வி இது?" என்றார் அவர்.

மகள் ஜொஹரா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்துவிட்டால் நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். சவுக்கு விறகு எத்தனை கட்டு வாங்கிப் போட்டாலும் பற்றாது. மஸூதாவுக்கு ஏரியில் ஓடும் லாஞ்சு நினைவுக்கு வந்தது. அதன் பின்புறம் ஒரு குழாயிலிருந்து வெந்நீர் கொட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். லாஞ்சு மெக்கானிக் செங்கல்வராயன் பக்கத்துத் தெருக்காரன். நேரே அவனிடமே போனாள்.

"தம்பி, உன் எஞ்சின்ல தண்ணி எப்படிச் சூடாவுது?"

"எஞ்சினைச் சுத்தி ஓடி, அதோட சூட்டை வாங்கினு வருதுக்கா."

"அப்போ என் அடுப்பைச் சுத்தி ஓடுனா?"

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "ஓட்டறதுக்குப் பம்பு வேணுமே."

"உலை கொதிச்சா அடியில கிடக்கிற அரிசி மேல வருது இல்ல? அதுக்கு எவன் பம்பு வெச்சான்?"

செங்கல்வராயன் சிரித்துவிட்டான். பழைய செம்புக் குழாய் ஒன்றை எடுத்து, உள்ளே மணலை நிரப்பி, நசுங்காமல் பாம்பு போல வளைத்தான். அடுப்பில் புகை போகும் வழியில் அதைப் பதித்தார்கள். சுவரில் பலகை அடித்து, மேலே ஒரு தகர டிரம்மை வைத்தார்கள். டிரம்மின் அடியிலிருந்து ஒரு குழாய் அடுப்புக்கு இறங்கியது. இன்னொன்று அடுப்பிலிருந்து டிரம்மின் மேல்பக்கம் ஏறியது. வெந்நீர் பிடிக்க அதே மேல்பக்கத்தில் ஒரு திருகு குழாயும் வைத்தார்கள்.

முதல் நாள் தீ மூட்டியதும் குழாய்க்குள் டொக் டொக்கென்று இடித்தது. டிரம்முக்குள் கொதிநீர் சீறித் தெறித்தது.

"உம்மா, வெடிச்சிடப் போவுது!" என்று ஜொஹரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள்.

விறகை வெளியே இழுத்துப் போட்டார்கள். டிரம் இன்னும் உயரத்தில் இருக்க வேண்டும் என்றான் செங்கல்வராயன். மஸூதா மேல்குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாள். டிரம்மை எட்டுவதற்குள் அது ஓரிடத்தில் மேடாகி, பிறகு தாழ்ந்தது.

"இந்த மேட்டுல காத்து மாட்டினு நிக்குது தம்பி. தண்ணி எப்படித் தாண்டும்?"

இரண்டையும் சரிசெய்தார்கள். மறுநாள் சத்தமே இல்லை. சோறு வேகும் நேரத்தில் மஸூதா டிரம்மைத் தடவினாள். மேலே சூடு, கீழே சில்லென்று இருந்தது. நடுவே கோடு கிழித்தது போல எல்லை தெரிந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னாள். ரியாசுதீன் தொட்டார், "அட!" என்றார், மறுபடியும் தொட்டார். சூடு போகாமலிருக்க டிரம்மைச் சுற்றிக் கோணியைக் கட்டி, இடையில் உமியை அடைத்தாள். மறுநாள் விடியற்காலைத் தொழுகைக்கு ரியாசுதீன் வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கைகால் கழுவி ஒளூ செய்தார்.

ஐப்பசி முடிவில் புயல் அடித்தது. விறகெல்லாம் நனைந்து ஊறிப்போயிற்று. காற்று ஓய்ந்த மறுநாள் ஜொஹராவுக்கு வலி கண்டது. கட்டிலுக்கடியில் நனையாமல் கிடந்த சிறு கட்டு விறகுதான் மிச்சம். அதில் கஞ்சி காய்ச்சிய நெருப்பே டிரம்மையும் சூடாக்கியது. பெண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்ட உட்கார்ந்த மருத்துவச்சி முனியம்மா டிரம்மின் திருகு குழாயைத் திருகினாள், மூடினாள், மறுபடியும் திருகினாள்.

"அடுப்பு அணைஞ்சு கிடக்குது. எங்கிருந்தும்மா வருது இது?"

"முதல்ல குழந்தையைப் பாரு முனியம்மா. அப்புறம் காட்டறேன்," என்றாள் மஸூதா.

அதன்பின் வேறு சில வீடுகளும் கேட்டன. செங்கல்வராயன் போய் அமைத்துக் கொடுத்தான். ஆனால் அடுத்த கோடையில் மஸூதாவின் தண்ணீர் சூடேற மறுத்தது. செம்புக் குழாயை அறுத்துப் பார்த்தால், உள்ளே வெள்ளைக் கல் படிந்து ஊசி நுழையும் துளைதான் மிச்சமிருந்தது. செங்கல்வராயன் தலையில் கை வைத்தான். மஸூதாவோ அந்தக் கல்லைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பில்லை. அப்படியானால் தண்ணீரில் வேறு என்ன இருக்கிறது?

புதுக் குழாயை அடிக்கடி கழற்றி, கல் கரையப் புளித்தண்ணீரில் ஊறப்போட வசதியாக, இரண்டு முனையிலும் திருகு மாட்டச் சொன்னாள். அத்தோடு அவளுக்கு ஆறவில்லை; எந்தத் தண்ணீரில் இந்தக் கல் குறைவு என்று பார்க்க வேண்டும். ஊரிலுள்ள கிணறுகளிலிருந்தெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து, டப்பா மூடிகளில் ஊற்றி, வெயிலில் வரிசையாகக் காயவைத்தாள். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் வற்றிய மூடியில்தான் வெள்ளை குறைவாகப் படிந்திருந்தது.

அன்றிலிருந்து டிரம்முக்கு அந்தத் தண்ணீர்தான். தூக்கிக்கொண்டு வருவது ரியாசுதீனின் பொறுப்பாயிற்று.