ஒருமனதாக

என்னைத் தலைவி ஆக்கியதற்கு ஒரே காரணம், அன்றைக்கு நான் மடிப்புக் கலையாத புடவை கட்டியிருந்ததுதான். வேறு எதுவும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மயிலாப்பூரில் எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஓர் அரசுப் பள்ளி. என் மகள் அங்கே எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் எல்லாரும் வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் வேலை. கசங்கிய புடவையோடு போய் நின்றால் அங்கே சூப்பர்வைசர் ஊரைக் கூட்டுவார். கடைக்குப் போகிற வழியில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று கடைப் புடவையோடு போய் உட்கார்ந்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். அதில் பெற்றோர்தான் அதிகம் இருக்க வேண்டும், தலைவியாக அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை விளக்கினார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். அவர் கண் சுற்றிவந்து என்மேல் நின்றது.

"நீங்க இருங்கம்மா. பாக்க லட்சணமா இருக்கீங்க, பேசவும் தெரியுது."

அதுவரை நான் பேசியது ஒன்றே ஒன்றுதான். "எத்தனை மணிக்கு முடியும் மேடம்?" என்று கேட்டிருந்தேன். மற்ற அம்மாக்கள் தங்கள் தலை தப்பியது என்று படபடவென்று கை தட்டினார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கோடம்பாக்கத்தில் ஷூட்டிங்குக்கு லைட் தூக்கும் வேலை. விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா தலைவி, டீ போடுவியா, இல்ல அதுக்கும் கூட்டம் போடணுமா?" என்றார். மகள் சிரிக்கவில்லை. அன்று சாயந்திரம் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் "எங்க அம்மாதான் ஸ்கூலுக்கே தலைவி" என்று அவள் சொன்னதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். வரி விடாமல் படித்தேன். சத்துணவு, ஆசிரியர் வருகை, கழிப்பறை, குடிநீர் எல்லாவற்றையும் குழு கண்காணிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. கண்காணிப்பு! பதினோரு வருடமாகக் கடையில் என் தலைக்கு மேல் கேமரா சுற்றுகிறது. கவுன்ட்டரை விட்டு நகர்ந்தால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், பாத்ரூமுக்குப் போவதற்கும்தான். பார்க்கப்படுவதே பிழைப்பாக இருந்த எனக்கு, முதல்முறையாக நீ போய்ப் பார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பார்க்க வேண்டியது என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மகள் அடிக்கடி அடிவயிறு வலிக்கிறது என்பாள். வயசுப் பெண், அந்த நாள் வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் அவள் பையைத் தூக்கினேன், கனத்தது. காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. மூடியே திறக்கவில்லை.

"ஏன்டி, குடிக்காம திருப்பிக் கொண்டுட்டு வர்றதுக்கா உனக்குப் புடிச்சுத் தரேன்?"

"குடிச்சா போகணும்மா."

"போயேன்."

"எங்க போறது?"

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெண் பிள்ளைகளுக்கு நாலு கழிப்பறை. ரெண்டுக்குப் பூட்டு. ஒன்று டீச்சர்களுக்கு. மிச்சம் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் காலை எட்டரையிலிருந்து சாயந்திரம் நாலரை வரை அவள் தண்ணீரே குடிப்பதில்லை. அந்த மூன்று நாளில் வகுப்பில் பாதிப் பேர் லீவு. எனக்கு அழுகை வந்தது. கடையில் அடக்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சம்பளத்துக்கு நிற்கிறேன், இது என்ன பாவம் செய்தது?

அடுத்த கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைமையாசிரியை ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "ரொம்ப நல்ல விஷயம் சொன்னீங்கம்மா. இதத் தீர்மானமாவே போட்டுடலாம்" என்றார். டீயும் மெதுவடையும் வந்தன. கடைக்கு நேரமாகிவிட்டது என்று நான் பரபரத்தேன்.

"எழுதி முடிக்க லேட் ஆகும். நீங்க கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்புங்கம்மா, நான் மேல எழுதிக்கிறேன்" என்று தீர்மானப் புத்தகத்தை நீட்டினார். பக்கம் காலியாக இருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டேன். "அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு உங்களுக்கு லீவு கெடைக்குமோ என்னமோ" என்று அவரே இன்னும் இரண்டு தாளைப் புரட்டினார். அவற்றிலும் போட்டேன். தமிழில், முழுப் பெயரையும், புள்ளி விடாமல். என் கையெழுத்து மணிமணியாக இருக்கும். அதைப் பார்த்து அவர் பாராட்டியதில் எனக்கு மனசு வேறு குளிர்ந்துபோயிற்று.

மாதங்கள் போயின. பூட்டு திறக்கவில்லை. கேட்டால், "மேல எழுதியிருக்கோம்மா" என்பார். ஒரு நாள் பெருக்குகிற ஆயாம்மாவைப் பிடித்தேன். "பெரிய ஆபீசர் வந்தா தொறப்பாங்க. அவங்க போனதும் மூடிக்கினு போய்டுவாங்க. நான் ஒருத்தி இன்னா பண்றது, நீயே சொல்லு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று வாடிக்கையாளரிடம்கூட எரிந்து விழுந்தேன்.

ப்ளவுஸ் பிட் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். வீட்டில் உருது பேசுவார், ஆனால் தமிழ் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதித் தந்தார். பேனாவை மூடும்போது, "ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. நீதான தலைவி? உன் பள்ளிக்கூடம் சரியில்லன்னு நீயே மனு குடுக்குறியே, எடுப்பாங்களா?" என்றார். தலைவி கொடுத்தால்தான் எடுப்பார்கள் என்றேன். எவ்வளவு தைரியம் எனக்கு!

எடுத்தார்கள். மனு ஏற்கப்பட்டது என்று போனில் எண்ணோடு செய்தி வந்தது. பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தலைமையாசிரியையின் அறையில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். உட்காருங்கம்மா என்று நாற்காலியைக் காட்டினார். தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, எனக்குக் கேட்கும்படி படித்தார்.

"மாணவியர் கழிப்பறைகளைக் குழு நேரில் பார்வையிட்டது. தூய்மையாகவும் முழுப் பயன்பாட்டிலும் இருப்பது கண்டு மகிழ்ச்சி தெரிவிக்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."

பக்கத்தைத் திருப்பினார். அதிலும் திருப்தி. அடுத்ததிலும் திருப்தி.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

எப்படி இல்லை என்பேன்? மூன்று பக்கத்திலும் மணிமணியாக இருக்கிறது.

"வெறும் தாள்ல போட்டேன் சார். இவங்கதான் அப்புறமா எழுதிக்கிறேன்னு சொன்னாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னு எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா கண்காணிக்க வேண்டிய தலைவியே பாக்காம கையெழுத்துப் போட்டாங்கன்னுதான் நான் மேல எழுத வேண்டி வரும். மொத தப்பு உங்க பேர்லதான் நிக்கும். யோசிச்சுக்குங்க" என்றார். மிரட்டுகிற குரல் இல்லை, எனக்கு நல்லது சொல்கிற குரல்.

கழிப்பறையைப் பார்த்துவிடலாம் வாங்க சார் என்று பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன். நாலும் திறந்திருந்தன. பிளீச்சிங் பவுடர் நெடி. வாளி நிறையத் தண்ணீர். புதுத் தாழ்ப்பாள்கூட ஒன்று பளபளத்தது. ஆயாம்மா சுவரைப் பார்த்து நின்றாள். வரச் சொல்லியிருந்த மற்ற உறுப்பினர் அம்மாக்களை அதிகாரி கேட்டார். எல்லாரும் நல்லாத்தான் இருக்கு சார் என்றார்கள். அவர்கள் பிள்ளைகளும் இங்கேதானே படிக்கிறார்கள், நான் யாரைத் திட்ட?

அதிகாரி போன பிறகு தலைமையாசிரியை என்னைத் தனியே நிறுத்தினார். சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் கெஞ்சுகிற மாதிரிப் பேசினார்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? இத்தனை புள்ளைங்களுக்கு ஒரே ஒரு ஆயா. நாலையும் தொறந்து விட்டா ரெண்டே நாள்ல நாறும். நாறுதுன்னு எழுதுனா, ஏன் நாறுதுன்னு என்னத்தான் கேப்பாங்க. ஆள் யாரும் தர மாட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவருக்கு மேலே இருப்பவர் நல்ல தாளைக் கேட்கிறார், அவருக்கும் மேலே இருப்பவர் அதையே கேட்கிறார். கீழே ஒருத்தி கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் நான்.

எழுதிக் கொடுக்காமலே கடைக்குப் போனேன். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். நாலு நாளில், தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது என்று செய்தி வந்தது. மறுபடியும் பூட்டு. வகுப்பில் மகளிடம் யாரும் கோபப்படவில்லை. "உங்க அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்களே, அப்புறம் என்னடா?" என்று ஒரு மிஸ் சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். அவள் வீட்டில் வந்து இதைச் சொன்னாள். ஏன் போட்டாய் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம் அவளுக்குக் குளிர் ஜுரம் தூக்கிப்போட்டது. சிறுநீரில் ரத்தம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் அம்மா சின்ன வயது, பொறுமையாகப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தார். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கிறது என்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா தண்ணி குடிக்கவே மாட்டேங்குற? அடக்கி அடக்கி வெச்சிருக்க போலருக்கே. ஸ்கூல்ல பாத்ரூம் சரியில்லையா? சொல்லு, நான் எழுதி அனுப்புறேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறக்க எனக்கே வரவில்லை.

மகள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இல்ல டாக்டர். எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.