கோணல் தமிழ்

அந்த வாரம் திருகோணமலைத் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பலும் ரஷ்யப் போர்க்கப்பலும் ஒன்றையொன்று முறைத்தபடி நின்றன. எங்கள் துறைமுகக் கந்தோரில் அலுவலர்கள் எல்லோரும் அவற்றின் பின்னால் ஓடினார்கள். நடுவில் நின்ற சின்ன இந்தோனேசியச் சரக்குக் கப்பலை யாரும் கவனிக்கவில்லை. அதில் சமையலுக்குத் தேங்காய்கூட இல்லையாம். ஆங்கிலம் தெரிந்த கிளாக்கர் என்று என்னைக் கிண்ணியாத் தோணிக்காரர் ஒருவருடன் அனுப்பினார்கள்.

தோணிக்காரருக்கு வெற்றிலையில் சிவந்த வாய், இடுப்பில் மடித்துக் கட்டிய சாரம். எந்தக் கப்பலைக் கண்டாலும் அவர் கையைத் தட்டிக் கூவுவார்.

"கப்பல்! கடை வந்திருக்கு! தேங்காய், சம்பல்!"

சரக்குக் கப்பலின் மேல்தட்டில் நின்ற சமையற்காரர் துள்ளினார். "காப்பால்! கெடாய்! சம்பல்!"

அவ்வளவுதான் பேச்சு. தேங்காய் மேலே போனது, சவ்வரிசி மூட்டை கீழே வந்தது. என் ஆங்கிலம் வாய்க்குள்ளேயே இருந்தது.

"காக்கா, அவங்கட பாஷை உங்களுக்குத் தெரியுமோ?" என்று தோணிக்கார அண்ணனைக் கேட்டேன்.

"அது நம்மட தமிழ்தான் தம்பி. கொஞ்சம் கோணலாக் கதைக்கிறாங்க, பாவம். பெரிய கப்பல் ரெண்டும் முறைச்சுக்கொண்டு நிக்கட்டும். நம்மட உலை கொதிக்கோணுமே!"

திரும்பிப் பார்த்தேன். சமையற்காரர் இவரைக் காட்டித் தன் ஆட்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்த மூன்று சொற்களும் அவர்கள் மொழியிலும் உண்டென்று பிறகுதான் அறிந்தேன். 'பாவம், நம் மொழியைக் கோணலாகப் பேசுகிறார்' என்றுதான் சொல்லியிருப்பார்.